நாற்பத்தோரு வீடுகளின் நீட்டுப் படம்

பனோரமா என்ற சொல் எங்கள் ஸ்டூடியோவில் புழங்கியதே இல்லை. நீட்டுப் படம் என்போம். ஒரே கிளிக்கில் அடங்காத கூட்டத்தை மூன்று நான்கு துண்டாக எடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டி, ஒட்டு தெரியாமல் பூசி மெழுகித் தருவதற்கு அந்தப் பெயர். பள்ளிக்கூட குரூப் போட்டோ, தொழிற்சாலைப் பிரிவுபசாரம், சர்ச் ஆண்டுவிழா என்று வரும். திருவொற்றியூர் ஹைரோட்டில் எங்களை விட்டால் வேறு யாருக்கும் அது வராது என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். ஒட்டுகிற வேலை என்னுடையது. பீற்றல் அவருடையது.

முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. கேமராவை அவர் தவிர யாரும் தொடக்கூடாது, கம்ப்யூட்டரை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது. டிடிபி கோர்ஸ் முடித்த கையோடு அங்கே போய் உட்கார்ந்தவள் நான். கல்யாணப் பெண்ணின் முகப்பருவை எடுப்பேன். மாப்பிள்ளையை இரண்டு சுற்று வெளுப்பாக்குவேன். இறந்தவர்களின் தலையைப் பழைய படங்களிலிருந்து வெட்டியெடுத்து, வாழ்நாளில் அவர்கள் போடாத கோட்டையும் டையையும் மாட்டிவிடுவேன். இரண்டு வருடத்தில் கை அப்படிப் பழகிவிட்டது. படத்தில் கலீஜாக ஏதாவது தெரிந்தால் யாரும் கேட்காமலே அழித்துவிடுவேன். அதைத் தொழில் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீட்டுப் படத்தில் சூட்சுமம் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் படத்தின் வலது ஓரத்தில் இருப்பது இரண்டாவது படத்தின் இடது ஓரத்திலும் இருக்க வேண்டும். ஒரு கம்பம், ஒரு கதவு, ஒரு ஆள், ஏதாவது ஒன்று. போட்டோஷாப்பில் இரண்டாவது படத்தை முதல் படத்தின் மேல் போட்டு, பாதி கண்ணாடி மாதிரி ஆக்கி, கம்பத்தின் மேல் கம்பம் வந்து உட்காரும்வரை தள்ளுவேன். உட்கார்ந்ததும் மேல் படத்தின் விளிம்பை மெல்ல அழிப்பேன். கீழே இருப்பதும் மேலே இருப்பதும் கலந்து ஒன்றாகிவிடும். ஒரே பொருள்தான் இரண்டு படத்திலும் இருக்கிறது என்று நம்பினால் போதும். மொத்த வேலையும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், பெரிய சாலைக்கு அந்தப் பக்கம், கடலை ஒட்டி ஒரு மீனவர் குப்பம் இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த ஊரில் இருக்கிறேன், அந்தக் குப்பத்துக்குள் ஒருநாள்கூடப் போனதில்லை. அப்பா கம்பெனி வேலை, மாதச் சம்பளம். சாலையின் இந்தப் பக்கம் இருப்பதே ஒரு படிப்பு மாதிரி எங்கள் தெருவில் நினைப்போம். மீன் எங்கள் வாசலுக்குக் கூடையில் வரும். கூடை வந்த வழியை நான் யோசித்ததில்லை.

மாசி மாதம் அந்தக் குப்பத்தின் தலைவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். மடித்துக்கட்டிய வேட்டி, தோளில் துண்டு, நாற்காலியில் உட்காரச் சொன்னாலும் உட்காராத மனிதர்.

"எங்க குப்பம் மொத்தமும் ஒரே படமா வேணும், அண்ணாச்சி," என்றார்.

"தனித்தனியா எடுத்து ஆல்பமா போட்டுத் தரட்டுமா? பாக்க நல்லாருக்கும்."

"அது வாணாம். தனித்தனியா குடுத்தா ஆபீஸ்ல ஒண்ண உருவிட்டு இல்லேம்பான். ஒரே நீட்டா கீதுன்னா இன்னா பண்ணுவான்? கிழிச்சா மொத்தமாத்தான் கிழிக்கணும்."

விஷயம் இதுதான். கடல் ஏற்கெனவே முன்வரிசை வீடுகளைத் தின்று முடித்திருந்தது. அரசாங்கம் அங்கே கருங்கல் கொட்டிச் சாலையை அகலமாக்கப் போகிறது. இருக்கிற வீடுகளுக்கு வேறு இடத்தில் மாற்று வீடு என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு முறை எண்ண வந்தவர்கள் இரண்டு விதமாக எண்ணிக்கொண்டு போனார்கள். செய்தி பரவியதும் வெளியாட்கள் ஓரத்தில் புதுக் குடிசை போட ஆரம்பித்தார்கள். புதிதாக ஒன்றும் முளைக்கக்கூடாது, இருப்பதில் ஒன்றும் விட்டுப்போகக்கூடாது. அதற்காக ஊர் பஞ்சாயத்து கூடி முடிவு செய்த படம் அது. தலைவர் சொன்னது சரியான யோசனை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கரையில் நின்று எடுக்க வழியில்லை. அலை வாசல்படிவரை வந்துவிட்டது, பின்னால் நகர இடம் கிடையாது. அதனால் படகில் போய்க் கடலிலிருந்து எடுப்பதென்று ஏற்பாடு. "நீயும் வா, பிள்ள. நான் கேமராவப் பாப்பனா, வீட்ட எண்ணுவனா? ஒரு ஆளு எண்ணிக்கிட்டே வந்தா நல்லாருக்கும்," என்றார் அண்ணாச்சி. முடிக்க வேண்டிய கல்யாண ஆல்பம் இருக்கிறது என்றேன். ஆல்பம் முதல் நாளே முடிந்திருந்தது. கருவாட்டு வாடைக்குப் பயந்துதான் நான் போகவில்லை.

அண்ணாச்சி கடற்கரைக்காரர் என்பது பெயருக்குத்தான். காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, முகம் வெளிறித் திரும்பி வந்தார். படகு ஒரு இடத்தில் நிற்கவில்லையாம். அலை தூக்கும்போது ஒரு கிளிக், இறக்கும்போது ஒரு கிளிக். கழுவிப் பிரிண்ட் போட்டதில் பதினோரு படம் தேறியது. தெற்கிலிருந்து வடக்காகக் குப்பம் முழுவதும் வரிசையாக இருந்தது.

ஸ்கேன் செய்து ஒட்ட உட்கார்ந்தேன். இரண்டு நாள் பிடித்தது. எந்தப் படமும் எந்தப் படத்தோடும் ஒழுங்காக உட்காரவில்லை. ஒன்றில் வீடு பெரிதாக இருக்கும், அடுத்ததில் சின்னதாக இருக்கும். கரை சாய்ந்திருக்கும். பின்னால் தெரிந்த கம்பெனிப் புகைபோக்கி படத்துக்குப் படம் இடம் மாறியது. எல்லாவற்றையும் இழுத்தேன், சுருக்கினேன், திருப்பினேன். மணலில் கிடந்த குப்பையை அழித்தேன். ஒதுங்கப் போயிருந்த ஒரு கிழவரை அழித்தேன். நாய்களை அழித்தேன். ஆபீசில் கொடுக்கிற படம் அசிங்கமாக இருக்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆறாவது படமும் ஏழாவது படமும்தான் ரொம்பவும் படுத்தின. ஆறாவதின் வலது ஓரத்தில் ஒரு பச்சை வீடு, மஞ்சள் கதவு. ஏழாவதின் இடது ஓரத்தில் பச்சை வீடு, மஞ்சள் கதவு. மற்ற வீடுகள் எதுவும் பொதுவாக இல்லை, ஒட்டுவதற்கு இந்த ஒரு வீடுதான். மேலே போட்டுப் பார்த்தால் ஜன்னல் ஒரு சாண் தள்ளி நிற்கிறது. படகு ஆடியிருக்கிறது என்று சுவரை இழுத்து ஜன்னலை ஜன்னலின் மேல் உட்கார வைத்தேன். இன்னொரு தொந்தரவும் இருந்தது. படம் எடுக்கும்போது எல்லோரும் அவரவர் வாசலில் நிற்க வேண்டும் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். ஏழாவது படத்தின் பச்சை வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். ஆறாவது படத்தில் கதவருகே யாரும் இல்லை. ஒரு கிளிக்குக்கும் அடுத்த கிளிக்குக்கும் நடுவில் வந்து நின்றிருப்பாள் என்று முடிவு செய்தேன். இரண்டையும் கலந்தபோது அவள் பாதி தெரிந்தாள், அவள் உடம்பு வழியாக மஞ்சள் கதவு தெரிந்தது. பார்க்க நன்றாக இல்லை. அந்த இடத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு சின்ன பிரஷ்ஷால் துடைத்தேன். கதவு சுத்தமாக வந்தது.

ஐந்தடி நீளத்தில் பிரிண்ட் போட்டு, லேமினேஷன் செய்து, பிவிசி குழாயில் சுருட்டி வைத்தோம். தலைவர் வந்து மேஜையில் விரித்து, விரலை வைத்துத் தெற்கிலிருந்து எண்ணினார். நாற்பத்தொன்று. திரும்ப எண்ணினார். நாற்பத்தொன்று.

"கரீட்டா கீது," என்றார். "நம்ம லிஸ்ட்லயும் நாப்பத்தொண்ணு தான்."

என்னைப் பார்த்து, "கை நல்ல கையிமா," என்று ஒரு வார்த்தையும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் அதை இரண்டு தடவை சொன்னேன்.

ஆடியில் கடல் ஏறியது. கல் கொட்டுவதற்கு முன்பே நடுவில் ஏழெட்டு வீடுகளை வாரிக்கொண்டு போனது. பத்து நிமிட நடையில் நடந்ததைப் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பிறகு ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு பகல் நேரத்தில், ஒரு பெண் ஸ்டூடியோவுக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் பொட்டு இல்லை. கையில் பாலித்தீன் பையில் சுற்றிய மனு நகல்.

"குப்பத்து படம் ஒட்னது நீதானே? அத கொஞ்சம் காட்டு."

கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். திரையில் படாமல் விரலை நகர்த்திக்கொண்டே வந்து, பச்சை வீட்டில் நிறுத்தினாள்.

"இது என் வூடு. ஆபீஸ்ல இது என் கொழுந்தன் வூடுங்கிறான். நம்பர் இருபத்தி மூணு, அவன் பேர்ல போட்டாச்சு, நீ எங்க இருந்தன்னு கேக்கறான். என் கொழுந்தனும் இத அவன் வூடுங்கிறான். அவன் பொய் சொல்ற ஆளு இல்ல. நானும் பொய் சொல்லல. இன்னாமா இது?"

அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே படகில் பங்கு இருந்தது. படகுக்கு வாங்கும் பெயிண்டில் மிஞ்சுவதை வீட்டுக்கு அடிப்பது அந்தக் குப்பத்து வழக்கம். பங்காளிகள் இருந்தால் பக்கத்துப் பக்கத்து வீடு இரண்டும் ஒரே பச்சை, இரண்டு கதவும் ஒரே மஞ்சள். அவள் முடிப்பதற்குள் நான் பழைய பிரிண்டுகளின் கவரைத் தேடி எடுத்து, ஆறையும் ஏழையும் மேஜையில் அருகருகே வைத்தேன்.

இரண்டு வீடு. குழந்தைகூடச் சொல்லிவிடும். ஒன்றின் ஜன்னலுக்குத் தகரம் அடித்திருந்தது, மற்றதற்குக் கம்பி. ஆறாவதில் இருந்தது கொழுந்தன் வீடு. அண்ணாச்சியை ஏற்றிக்கொண்டு படகு ஓட்டியவனே அவன்தான், அவன் மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள், அதனால் வாசலில் ஆள் இல்லை. ஏழாவதில் இருந்தது இவள் வீடு. வாசலில் இவள். ஒரு பெரிய அலை படகைத் தள்ளிவிட்டதில் நடுவில் பொதுவாக ஒன்றும் விழவில்லை. நான் ஒரு வீட்டின் மேல் இன்னொரு வீட்டைப் போட்டு, சுவரை இழுத்துப் பொருத்தி, அவளைத் துடைத்திருக்கிறேன்.

ஆனால் எண்ணிக்கை எப்படிச் சரியாக வந்தது? அதையும் அவளே சொன்னாள். தலைவர் கையில் இருந்தது ஊர் வரி லிஸ்ட். அந்த வரி, கடலுக்குப் போகிற ஆண் இருக்கிற வீட்டுக்குத்தான். மற்ற விதவைகள் மகன்களோடு இருந்தார்கள். இரண்டு பெண் பிள்ளைகளோடு தனி வீட்டில் இருந்தவள் இவள் ஒருத்தி. வரி லிஸ்டில் இவள் பெயர் கிடையாது. "லிஸ்ட்ல நீ இல்லாங்காட்டி இன்னா, படத்துல உன் வூடு வரும் இல்ல, அது போதும்," என்று தலைவரே சொல்லியிருக்கிறார். படம் வந்ததும் அவர் எண்ணினார், நாற்பத்தொன்று சரியாக இருந்தது. இவளை அவர் வேண்டுமென்று மறக்கவில்லை. அவர் தலைக்குள் இருந்த எண்ணிக்கையில் இவள் எப்போதுமே இருந்ததில்லை, அவ்வளவுதான். வலை பின்னும் கொட்டகையில் படத்தை ஒருநாள் மாட்டி வைத்தபோது இவள் பச்சை வீட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனாள். கொழுந்தனும் அதே பச்சை வீட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போனான். வாசலில் தான் இல்லையே என்று இவளுக்குப் பட்டிருக்கிறது. படம் எடுத்தபோது உள்ளே போய்விட்டோமோ என்று தன் மேலேயே சந்தேகப்பட்டிருக்கிறாள்.

மற்ற நாற்பத்தோரு பேருக்கு அந்தப் படம் ஒரு கூடுதல் சாட்சி. இவளுக்கு அதுதான் ஒரே சாட்சி. இப்போது பச்சை வீடுகள் இரண்டும் கடலுக்குள் இருந்தன. ரேஷன் கார்டும் கொழுந்தன் வீட்டு விலாசத்தில்தான் இருந்தது.

"தப்பு என்னுதுக்கா," என்றேன். அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. "அப்போ நீ வந்து சொல்லு," என்றாள்.

"நாம எதுக்கு இதுல தல குடுக்கணும்? அவங்க கேட்டத ஒட்டிக் குடுத்தோம்," என்று அண்ணாச்சி முனகினார். எண்ண ஆள் கேட்டபோது நான் வரவில்லை என்று அவர் சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. நெகட்டிவை அவரே எடுத்துக் கொடுத்தார்.

அவளோடு மாற்று வீட்டு ஆபீசுக்குப் போனேன். அதிகாரி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். உட்காரச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார், இரண்டு பிரிண்டையும் பார்த்தார், நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

"இந்த நீளப் படத்தை ஒட்டினது நீங்கதானே?"

"ஆமா சார்."

"ஒரு வீட்டை எடுத்துட்டீங்க."

"தெரியாம நடந்தது சார்."

"சரிம்மா. ஒரு வீட்டை எடுக்க முடியும்னா சேர்க்கவும் முடியும் இல்லையா?"

துபாயில் இருந்த ஒரு அண்ணனைத் தங்கையின் கல்யாணப் படத்தில் மேடையில் நிற்க வைத்தவள் நான்.

"இதுல வேற எத்தனை வீடு சேர்த்திருக்கீங்கன்னு நான் பார்க்கணுமே. போய்ப் பார்க்கலாம்னா பாதி வீடு இப்போ அங்கே இல்லை." பெருமூச்சு விட்டு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். "படம் சரின்னா நாற்பத்தோரு பேருக்கு வீடு. படம் தப்புன்னா மொத்த லிஸ்ட்டும் மறு விசாரணைக்குப் போகும். எப்போ திரும்பி வரும்னு நான் சொல்ல முடியாது. எதுன்னு நீங்களே எழுதிக் கொடுங்க."

நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. ஒரு வீட்டைக் காப்பாற்றப் போய் நாற்பத்தோரு வீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஆபீஸ் வாசலில் காத்திருந்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். கேட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போனாள்.

மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே தலைவர் நின்றிருந்தார். கூட கொழுந்தன். தலைவர் அன்றைக்கும் உட்காரவில்லை.

"அவளுக்கு நாங்க பண்ணது அநியாயம்தான், இல்லேங்கல," என்றார். "ஆனா நீ எழுதிக் குடுத்தா குப்பமே ரோட்ல நிக்கும்மா."

"அண்ணி எங்ககூட இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்," என்றான் கொழுந்தன், தரையைப் பார்த்துக்கொண்டு. கிடைக்கப் போகும் வீட்டுக்கு ஒரே அறை. அவன் வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர். அவனுக்கும் அது தெரியும்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. உங்கள் வரி லிஸ்டில் அவள் பெயரை எழுத ஒரு வரி இடம் இல்லையா என்று கத்தினேன். என் கோபத்தில் முக்கால்வாசி என் மேல்தான் என்று எனக்கும் தெரியும். படம் தப்பு என்று எழுதிய கடிதம் என் கைப்பையில் இருந்தது. கொடுத்தே தீருவது என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன்.

அவர்கள் போய் ஒரு மணி நேரம் கழித்து அவள் வந்தாள்.

"எழுதிட்டியா?"

கடிதத்தைக் கொடுத்தேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கடைசிவரை படித்து, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"குடுக்காத."

"அக்கா..."

"அந்த நாப்பத்தோரு வூட்லயும் எனக்கு ஒறவு கீது. அதுங்க கொயந்தைங்க நடுரோட்ல நின்னா எனக்கு எங்கமா சோறு எறங்கும்? வுடு."

கொடுங்கையூரில் ஒரு அறை வாடகைக்குப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். குப்பைமேட்டுப் புகை வீட்டுக்குள்ளேயே வருமாம். கடல் இல்லாத இடத்தில் எப்படித் தூக்கம் வரும் என்றுதான் தெரியவில்லை என்றாள். கொடுங்கையூரும் எனக்குத் தெரியாது, கடலும் எனக்குத் தெரியாது.

"அந்த ஏழாவது போட்டோவ மட்டும் பெருசா போட்டுக் குடு," என்றாள். "வெட்டாத, ஒட்டாத. எடுத்தது எடுத்தாப்புல."

போட்டுக் கொடுத்தேன். இடது ஓரத்தில் பச்சை வீடு, மஞ்சள் கதவு, வாசலில் அவள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோபமே இல்லாமல், தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேட்டாள்.

"அழிக்கும்போது என் மூஞ்சி தெரில?"

"ரொம்பச் சின்னதா இருந்துச்சுக்கா. தெரியல," என்றேன்.

தலையாட்டி, படத்தைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். படம் சரி என்று அன்றே ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

தெரிந்தது. திரையில் முந்நூறு சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டுதான் துடைத்தேன். ஒரு கையைப் புருவத்தின் மேல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, தான் படத்தில் விழுந்துவிட வேண்டுமென்று படகையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.